பல்லோ, தலையோ?

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, மன்னார் பஸ் நிலையத்துக்கு வெளியே, என் ஓட்டோவுக்குள் வைத்து நான் ஒரு பகிடி விட்டேன். சிரித்தது நான் மட்டும்தான். அந்தப் பகிடியை இன்றைக்கு நினைத்தாலும் என் காது இரண்டும் சுடுகின்றன. யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு வரிசையே சொல்லலாம். வரிசையில் முதலாவதாக நிற்பவன் நான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவன். ஐந்தாம் வகுப்பை இரண்டு தரம் படித்ததால் ஆறு வருடப் படிப்பு என்று சொல்லிக்கொள்வேன். வாத்தியார் எதைக் கேட்டாலும் எழும்பி நின்று "தெரியாது சேர்" என்பேன். அந்தப் பதிலில் மட்டும் நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை. ஆகவே இதை நான் சொல்லச் சொல்ல என் மனுசிதான் எழுதுகிறாள். அவள் ஓ.எல்., பதினோராம் வகுப்புச் சோதனைவரை படித்தவள். நான் சொல்லும் தூசணங்களை, கெட்ட வார்த்தைகளை, எழுதமாட்டாளாம். எங்காவது ஒரு வசனம் நொண்டினால், அந்த இடத்தில் நல்ல தூசணம் ஒன்று இருந்தது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் ஐந்து நிமிடம் போனால், ஒரு ஒழுங்கையின் முடிவில் பழைய வீடு ஒன்று இருக்கிறது. அதன் முன் அறையில் ஒரு பல் வைத்தியர். பின் அறையில் எங்கள் மிஸ். மிஸ் என்றால் பள்ளிக்கூட மிஸ் இல்லை, ஆனாலும் படிப்பிக்கிறவர்தான். மருத்துவ உளவியலாளர் என்பார்கள். அந்தச் சொல் என் வாய்க்குள் ஒழுங்காக வருவதற்கே ஒரு மாதம் எடுத்தது. மிஸ் மருந்து எழுதமாட்டார், ஊசி போடமாட்டார். கேட்பார், கதைப்பார். கதைப்பதற்கும் ஒரு படிப்பா? அப்படியென்றால் நான் பேராசிரியர் அல்லவா என்று பஸ் நிலையத்து ஓட்டோ ஸ்ராண்டில் சொல்லித் திரிந்தேன்.

ஒவ்வொரு புதன்கிழமையும் மிஸ் வவுனியாவிலிருந்து பஸ்ஸில் வருவார். காலையில் ஆட்களைப் பார்ப்பார். பின்னேரம் அதே வீட்டு விறாந்தையில், இந்த வேலையைப் பழக வரும் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். அவரை ஏற்றி இறக்கும் புதன்கிழமை ஓட்டோ என்னுடையது.

அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு இருந்தது. முன் கேற்றால் உள்ளே போனால் நீளமான ஒரு வாங்கு. பல்லுக்கு வந்தவர்களும் மனசுக்கு வந்தவர்களும் அந்த ஒரே வாங்கில்தான் இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பச்சை நிற நம்பர் காட். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். பல் வைத்தியரும் மிஸ்ஸும் கதைத்துச் செய்தது அது. கிணற்றடிப் பக்கமாக மிஸ்ஸின் அறைக்கு நேரே போவதற்கு இன்னொரு கேற்றும் இருந்தது. அதன் கொண்டி துருப்பிடித்துக் கிடந்தது, ஏனென்றால் அதால் யாரும் போவதில்லை. எல்லோரும் வீட்டில் "பல்லுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு, பல்லுக்குப் போகிறவர்கள் மாதிரியே முன் கேற்றால் போனார்கள். எங்கள் பக்கத்தில் மனசுக்கு வைத்தியம் பார்ப்பது தெரிந்தால், உங்களுக்கு விசர், உங்கள் தங்கச்சிக்கு விசர், உங்கள் வீட்டு ஆட்டுக்கும் விசர் என்று முடித்துவிடுவார்கள்.

இது எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த விளையாட்டைத் தொடக்கினேன்.

விளையாட்டுக்குப் பெயர் 'பல்லோ, தலையோ?' ஸ்ராண்டில் நாங்கள் நாலு ஓட்டோக்காரர். திரும்பும் சவாரிக்காக ஒழுங்கையில் காத்து நிற்கும்போது அந்த வீட்டிலிருந்து ஆள் வெளியே வந்தால், எதற்கு வந்த ஆள் என்று சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னவன் பிளேன்டீ வாங்கவேண்டும். நான் ஒருநாளும் வாங்கியதில்லை. பல்லுப் பிடுங்கியவன் கன்னத்தில் பஞ்சும் கையுமாக வருவான். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். பல்லுக்கு வந்தவர் கேற்றைத் தாண்டியதும் துப்புவார். மற்றவர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்ப்பார். இப்படிப் பத்துப் பன்னிரண்டு அடையாளம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் இந்த மூளை எங்கே போயிருந்ததோ தெரியாது.

அந்த நாட்களில் ஒவ்வொரு புதனும் அடம்பன் பஸ்ஸில் ஒரு இளம் பெண் வருவாள். அடம்பன் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், அந்தளவு புத்தி இப்போது வந்துவிட்டது. வயது இருபத்தைந்து இருக்கும். கையில் மடித்த குடை. தொடக்கத்தில் சீற்றின் நுனியில் இருப்பாள், ஓட்டோ நிற்பதற்கு முதலே குதிக்கப்போகிறவள் மாதிரி. மெல்ல மெல்லச் சாய்ந்து இருக்கத் தொடங்கினாள். பிறகு பஸ் கடந்து வருகிற கடற்பாலத்தில் அடிக்கிற காற்றைப் பற்றி என்னோடு இரண்டு வார்த்தை கதைத்தாள். நான் சொன்ன புதன்கிழமைக்கு இரண்டு கிழமை முந்தி, ஒரு கடையடியில் நிறுத்தச் சொல்லி ஒரு கிலுகிலுப்பை வாங்கினாள். ஓட்டோவில் ஏறி, அதைக் காதடியில் பிடித்து ஒருக்கா ஆட்டிப் பார்த்தாள். பிறகு பைக்குள் அடியில் ஒளித்தாள். இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்த நான் என்ன நினைத்தேன்? 'இது கட்டாயம் தலைதான்' என்று நினைத்தேன்.

அன்றைக்கு அவள் ஏறி இருந்த கையோடு, அதே பஸ்ஸில் வந்த ஒரு அம்மா குடையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, நில்லும், நில்லும்! என்னையும் கச்சேரியடியில விட்டிட்டுப் போம்."

ஏறிய பிறகுதான் பக்கத்தில் இருந்தவளைக் கண்டார்.

"எட, நீயோ பிள்ளை? பஸ்ஸில காணேல்லையே. எங்க, இண்டைக்கும் பல்லுக்கோ?"

"ஓம் மாமி."

"இன்னும் சுகமாகேல்லையோ?"

"கொஞ்சம் சுகம் மாமி."

'மாமி' என்ற சொல் என் காதிலும் விழுந்தது. சொந்தக்காரர். அந்த இடத்தில் ஒரு கழுதை இருந்திருந்தாலும் வாயை மூடிக்கொண்டிருக்கும். எங்கள் மன்னார்த் தெருக்களில் நிற்கிற கழுதைகளைத்தான் சொல்கிறேன், அதுகள் நல்ல பொறுமைசாலிகள். ஆனால் ஓட்டோவை ஓட்டியது நான்.

"அம்மா, இந்தத் தங்கச்சிக்கு நாலு மாசமா ஒவ்வொரு புதனும் பல்லுப் பாக்கினம். மனிசருக்கு முப்பத்திரண்டு பல்லு. இவவுக்கு முதலை மாதிரியெல்லோ இருக்கவேணும்!"

அம்மாவின் உதடு கொஞ்சம் அசைந்தது. எனக்கு அது காணும், அதுவே போதும். கைதட்டல் கேட்ட கூத்துக்காரன் மாதிரி ஆகிவிட்டேன்.

"கோளாறு பல்லில இல்லையம்மா. அதுக்கு நாலு அங்குலம் மேல!" என்று சொல்லி, ஒரு கையை எடுத்து என் நெற்றியில் தட்டிக் காட்டினேன். தட்டிவிட்டுச் சிரித்தேன்.

கண்ணாடியில் பார்த்தேன். அவள் குடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள், யாரோ அதைப் பறிக்க வருவதுபோல.

"அப்பிடியோ தம்பி? எத்தினை மாசமெண்டு சொன்னீர்?"

"நாலு மாசம் அம்மா."

கேட்ட கேள்விக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான பதில் சொன்னேன். வாத்தியார் இருந்திருந்தால் முதுகில் தட்டியிருப்பார்.

அம்மா கச்சேரியடியில், அந்த அரசாங்கக் கந்தோர் வாசலில், இறங்கவில்லை. "நானும் பிள்ளையோட வாறன், எனக்கும் ஒரு பல்லு ஆடுது" என்றார். வீட்டு வாசலில் இறங்கிய பெண் கேற்றுக்குள் போகவே இல்லை. வந்த வழியே பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். அம்மா பின்னாலேயே போனார். 'பகிடிகூட விளங்காத சனம்' என்று எண்ணிக்கொண்டு ஓட்டோவைத் திருப்பினேன்.

அடுத்த புதன் அவள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை.

அந்த இரண்டாவது புதன் மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு போகும்போது, அவர் வழக்கம்போலக் காலநிலையைப் பற்றிக் கதைக்கவில்லை.

"உங்கட ஸ்ராண்டில ஒரு விளையாட்டு இருக்காம்."

அவரிடம் படிக்கும் ஒரு பிள்ளை எங்கள் ஆள் ஒருவனின் ஓட்டோவில் ஏறியிருக்கிறாள். அந்த மடையன் அவளிடமே "தங்கச்சி, நீங்கள் பல்லோ, தலையோ?" என்று கேட்டிருக்கிறான்.

"அது சும்மா பகிடி மிஸ்."

"சிரிச்சது ஆர்?"

"நாங்கள்தான்."

"ஓட்டோவில ஏறின ஆக்கள் சிரிச்சவையோ?"

ரோட்டில் யாரும் இல்லாமலே ஹோர்ன் அடித்தேன்.

"ஒரு வாங்கு. ஒரே நிறத்தில ஒரு காட். இதுக்கு எனக்கு மூண்டு வருசம் எடுத்தது. நீங்கள் அதை ஒரு பிளேன்டீக்கு வித்துப்போட்டியள். நிப்பாட்டுங்கோ."

"மிஸ், வெயில்..."

"நிப்பாட்டுங்கோ எண்டனான்!"

நடுவழியில் இறங்கி, அந்தப் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு ஏறிய கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. மழைக்கும் வெயிலுக்கும் காத்திருந்து ஏற்றியவன் நான். படித்த திமிர்! மற்றவர்களின் கோபத்தை ஆற்றுகிறவருக்குத் தன் கோபத்தை ஆற்றத் தெரியாதோ? (இங்கே ஒரு தூசணம்.) ஸ்ராண்டுக்கு வந்து, துவாயைத் தோளில் பைபோலத் தொங்கவிட்டு, மிஸ் நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். "நிப்பாட்டுங்கோ எண்டனான்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடம்பன் பஸ் கொண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எனக்குப் பழக்கமானவன், அந்தப் பெண்ணின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணை, குடையோட வாற பிள்ளைக்கு நடந்தது தெரியுமோ?"

"என்ன?"

"எட்டு மாசத்தில கைக்குழந்தை இருக்கு. பெத்த நாளில இருந்து தூக்கப் பயமாம், அழுகையாம். களவாத்தான் இஞ்ச வந்து போனது. இப்பதான் கொஞ்சம் தூக்கத் தொடங்கினதாம். ஆரோ ஓட்டோக்காரன் அவளின்ர மாமியின்ர தங்கச்சியிட்ட, இது விசருக்கு வைத்தியம் பாக்க வாறது எண்டு சொல்லிப்போட்டானாம். மாமி குழந்தையைப் பறிச்சு வைச்சிருக்கிறா. விசரியிட்ட பிள்ளையைக் குடுக்கேலாதாம். வாற ஞாயிறு தகப்பன் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போறாராம். குழந்தை இஞ்சயாம்."

"புருசன்?"

"அவன் என்ன செய்வான்? தாய் சொல்லுறது, இவன் கேக்கிறது."

என் தோளில் இன்னும் அந்தத் துவாய் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் மிஸ்ஸின் வகுப்புக்குள் செருப்போடு போய் நின்றேன். பிள்ளைகள் வட்டமாகக் கதிரை போட்டு இருந்தார்கள். "மிஸ், வாங்கோ, இப்பவே போவம்!" என்று கத்தினேன். மிஸ் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"மிஸ், குழந்தையைப் பறிச்சுப்போட்டினம். ஞாயிற்றுக்கிழமை அவவைத் தாய்வீட்டுக்கு அனுப்பப்போகினம். நீங்கள் ஒருக்கா வந்து, இது விசர் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன்."

"நீங்கள் ஆரைப் பற்றிக் கதைக்கிறீங்களெண்டு எனக்குத் தெரியாது."

"தெரியாதோ? நாலு மாசம் உங்களிட்ட வந்த பிள்ளையைத் தெரியாதோ?"

"தெரியாது."

"நெஞ்சில ஈரம் இல்லையோ மிஸ் உங்களுக்கு? நான் படிக்காதவன், என்ர வாய் நாறல் வாய். நீங்கள் படிச்சனீங்கள்தானே? அந்த வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சுபோகும்?"

மிஸ் கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாளி கீழே தண்ணீரில் கிடந்தது. கயிறு நடுங்குவதை அப்போதுதான் கண்டேன். என்னைவிடக் கூடிய கோபம் அவரிடம் இருந்தது. அதைக் கிணற்றுக்குள் இறக்கிவைத்துவிட்டுத்தான் என்னோடு கதைத்தார்.

"கேளுங்கோ அண்ணை. ஒராள் என்னட்ட வாறா எண்டோ, வாறேல்லை எண்டோ நான் வாய் திறந்தா, நாளைக்கு அந்த வாங்கில ஆரும் இருக்கமாட்டினம். எனக்குத் தெரிஞ்சாலும் தெரியாது. தெரியாதெண்டு சொல்லுறதும் என்ர வேலைதான். உள்ள இருக்கிற பிள்ளையளுக்கு முதல் மாசம் முழுக்க நான் அதைத்தான் படிப்பிக்கிறனான். வேற ஒண்டும் இல்லை."

"அப்ப அந்தப் பிள்ளை?"

"ஒராள் தன்ர குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, தன்ர வாயால சொல்லச் சொன்னா, நான் ஆரோடயும் கதைப்பன். கதவு திறந்துதான் கிடக்கு. ஆனா நான் போய் ஒருதரின்ர வீட்டுக் கதவைத் தட்டேலாது."

"நான் போகட்டோ?"

"உங்களை நான் எங்கயும் அனுப்பமாட்டன். உங்கட வாய் ஒருக்காத் திறந்தது காணும்."

திரும்பி இரண்டு அடி நடந்தவர் நின்றார்.

"எண்டைக்கு எண்டு சொன்னீங்கள்?"

"ஞாயிறு."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய், விட்ட இடத்திலிருந்து படிப்பிக்கத் தொடங்கினார். அந்தக் குரலில் ஒரு பிசிறும் இல்லை. எனக்கென்றால் அந்த விறாந்தையைக் கொளுத்தவேண்டும்போல இருந்தது.

வியாழக்கிழமை நான் போனேன். யாரும் அனுப்பவில்லை. பாலம் தாண்டும்போது, புருசனிடம் சொல்வதற்கு நாலு பகிடி ஞாபகம் வந்தது. நாலையும் கடலுக்குள் போட்டேன்.

அறுவடை நேரம். வயலில் வெட்டு மிசின் ஓடிக்கொண்டிருந்தது. புருசன் வரம்பில் நின்று நெல்லு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். சின்ன வயதுதான், முப்பதுகூட இராது.

"தம்பி, நான் மன்னாரில ஓட்டோ ஓடுறனான்."

"அதுக்கு?"

"உங்கட மனிசியைப் பற்றி அந்த அம்மாவுக்குச் சொன்னது நான்தான்."

மூட்டையை வைத்தான். வந்தான். அறைந்தான். என் காதுக்குள் எங்கள் கோயில் மணி அடித்தது. 'மற்றக் கன்னத்தையும் தரட்டோ?' என்று ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாதாவே, அதை விழுங்கியது மாதிரி நான் எதையும் விழுங்கியதில்லை.

"இது உன்ர வாய்க்கு," என்றான். "இனி என்ன சொல்ல வந்தனி? சொல்லு."

"கண்ணால கண்டதை மட்டும் சொல்லுறன். கதவுக்கு அங்கால நடக்கிறது எனக்குத் தெரியாது. முதல் மாசம் அவ சீற்றின்ர நுனியில இருந்தவ. பிறகு சாஞ்சு இருந்தா. பிறகு காத்தைப் பற்றிக் கதைச்சா. அண்டைக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கினா. காதடியில பிடிச்சு ஆட்டிப் பாத்தா. பிறகு பைக்குள்ள ஒளிச்சா. அவ்வளவுதான் தம்பி."

மிசின் தூரத்தில் திரும்பி எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"என்ன நிறம்?" என்று கேட்டான்.

"மஞ்சள். பிடி பச்சை."

மூட்டைமேல் இருந்துவிட்டான்.

"அலுமாரிக்குள்ள சீலைக்கு அடியில கிடந்தது. அம்மா கண்டிட்டு, ஆரோ மந்திரிச்சுக் குடுத்த சாமான் எண்டு தூக்கி எறிஞ்சவ. நானும் பாத்துக்கொண்டு நிண்டனான்." மூட்டை கட்டுகிற கயிற்றை விரலில் சுற்றினான். பிறகு, "பெத்த பிள்ளைக்கு ஒரு விளையாட்டுச் சாமான்கூட வாங்காதவள் எண்டு நேற்றும் ஏசினனான்" என்றான்.

"அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லை. குனிஞ்சுகொண்டு நிண்டவள்."

"புதன்கிழமை மிஸ் வருவா தம்பி. அவவைக் கூட்டிக்கொண்டு வந்து கேளுங்கோ."

"என்ன சொல்லுவினம் அங்க?"

"தெரியாது."

அவன் எழும்பி அடுத்த மூட்டையைக் கட்டத் தொடங்கினான். வருவேன் என்றும் இல்லை, வரமாட்டேன் என்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் என் மனம் அந்த வயல் வரம்பில்தான் நின்றது. பக்கத்தில் இருந்தவர் இடித்த பிறகுதான் எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பினேன். கன்னம் வீங்கியிருந்ததால், "என்ன, பல்லுக்கொதியோ?" என்று கேட்டார்கள். ஓம் என்றேன். பொய் சொல்லிக்கொண்டு நடமாடுவது எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரிய ஒரு அறை வேண்டியிருந்தது. அவள் அதை நாலு மாதம் சுமந்திருக்கிறாள்.

புதன்கிழமை அடம்பன் பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். குடை இல்லை. கொண்டக்டரைப் பார்த்தேன், அவன் கையை விரித்தான். ஓட்டோவுக்குள் போய்க் குந்திக்கொண்டேன். என்னோடு பகிடி விட வந்த ஒருவனை அடிக்க எழும்பினேன்.

பத்து மணி இருக்கும், ஒரு மோட்டச்சைக்கிள் ஸ்ராண்டைத் தாண்டிப் போனது. ஓடியது அவன். பின்னால் அவள். நடுவில் துணியால் சுற்றிய குழந்தை. என்னை அறியாமல் பின்னாலேயே ஓட்டோவை விட்டேன், ஒழுங்கை முகப்பில் நிறுத்தினேன். அவன் முன் கேற்றுக்குப் போகவில்லை. கிணற்றடிக் கேற்றுக்கு முன்னால் மோட்டச்சைக்கிளை நிறுத்தி, துருப்பிடித்த கொண்டியைக் காலால் உதைத்துத் திறந்தான். அந்தச் சத்தத்துக்கு வாங்கில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்கிற மாதிரி, குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுக்கு முன்னால் நடந்தான்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். நான் மற்றப் பக்கம் திரும்பிவிட்டேன். அது நான் பார்ப்பதற்கு உரிய முகம் இல்லை.

அதற்குப் பிறகு அவள் என் ஓட்டோவில் ஏறியதே இல்லை. சரியான வேலை. ஏறியிருந்தால்தான் எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்கும். ஞாயிறு வந்த தகப்பனைப் புருசன் தனியத் திருப்பி அனுப்பினானாம், குழந்தை அவளிடமே இருக்கிறதாம் என்று மட்டும் கொண்டக்டர் சொன்னான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பட்டுமா என்று அவன் மூலமாகத்தான் கேட்டுவிட்டேன். "அவளிட்டயும் கேட்டனான். பேர் இல்லாட்டிச் சரி" என்று புருசன் சொல்லி அனுப்பினான். ஆகவே சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று கேட்டால் தெரியாது.

மிஸ் ஒரு மாதம் வெயிலில் நடந்தார். அடுத்த மாதம் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து ஏறினார். என்னால் இருக்க முடியவில்லை.

"மிஸ், அந்தத் தங்கச்சி இப்ப சுகமோ?"

"எந்தத் தங்கச்சி?"

முன்பென்றால் அந்த நேரம் மிஸ்ஸின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பேன். இப்போது அந்தக் கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருக்கிறேன். ரோட்டுக்குப் பக்கக் கண்ணாடி காணும்.

இறங்கும்போது மிஸ் ஒன்று கேட்டார். "ஆர் எதுக்கு வந்தவை எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்? என்ர பிள்ளையளுக்கு வந்து சொல்லுவீங்களோ?" ஐந்தாம் வகுப்புக்காரன் வகுப்பு எடுக்கப் போகிறான்! தோய்த்த சேட் போட்டுக்கொண்டு போனேன். கதிரையில் இருந்து, கண்ணைத் துடைப்பது, ஒழுங்கையைப் பார்ப்பது, துப்புவது, பஞ்சு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார்கள். பேனை ஓடுகிற ஒவ்வொரு தரமும் என் கன்னத்தில் அந்த அறை திரும்ப விழுந்தது. மிஸ் என்னைத் தண்டிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பட்டியல் தேவைப்பட்டது. ஆனாலும் அதைவிடப் பெரிய தண்டனை எனக்கு யாரும் தந்ததில்லை.

அடுத்த கிழமையிலிருந்து அந்த வீட்டுக்குள்ளிருந்து வருகிற எல்லோர் கன்னத்திலும் பஞ்சு. பல்லுக்கு வந்தவருக்கும் பஞ்சு, மனசுக்கு வந்தவருக்கும் பஞ்சு. வெளியே வந்ததும் எல்லோரும் துப்புகிறார்கள். மன்னாரிலேயே கெட்டிக்காரனான எனக்கே இப்போது பிடிபடுவதில்லை. வேண்டுமானால் கிணற்றடிக் கேற்றாலும் போகலாம். அதன் கொண்டிக்கு இப்போது எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். போன மாதம் அந்த அம்மா, மாமியின் தங்கச்சி, என் ஓட்டோவில் வந்து ஏறினார். கன்னம் வீங்கி, கண் கலங்கி இருந்தது. உண்மையான பல்லுவலி. "கெதியா விடும் தம்பி" என்றார். ஒரு சொல்லும் சொல்லாமல் கொண்டுபோய் இறக்கினேன். ஹான்டிலைப் பிடித்திருந்த கை நொந்தது. நான் ஒழுங்கையில் சவாரிக்குக் காத்து நிற்க, ஒரு மணித்தியாலம் கழித்து, கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பக்கத்தில் நின்ற, ஸ்ராண்டுக்குப் புதிதாக வந்த ஓட்டோக்காரன் ஒருவன், அந்த ஊர்ப் பக்கம் பெண் எடுத்தவன், என் காதுக்குள் குனிந்தான்.

"அண்ணை, அது எங்கட மனிசியின்ர சொந்தக்கார அம்மாவெல்லோ? பல்லோ, தலையோ?"

ஒரு விரலை நெற்றிக்குத் தூக்கினால் போதும். அந்தி சாய முதல் ஊர் முழுக்கப் பரவியிருக்கும். அந்தப் பெண் அனுபவித்த அத்தனையையும் இந்த அம்மாவும் அனுபவிப்பார். நியாயமாகக்கூட இருக்கும். விரல் உண்மையாகவே துடித்தது.

"தெரியாது," என்றேன்.

ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் நான் எழும்பி நின்று சொன்ன அதே பதில்தான் அது. அப்போது தெரியாமல் சொன்னதற்கு அடி வாங்கினேன். இப்போது தெரிந்துகொண்டே, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன், ஒவ்வொரு புதன்கிழமையும் சொல்கிறேன். என்னைப் போன்ற வாய்க்காரனுக்கு அந்த ஒரு சொல்லைப் பிழையில்லாமல் சொல்வதற்கு இந்த ஆயுள் காணுமோ என்று மட்டும் இன்னும் நிச்சயமில்லை.